லாசாவிலிருந்து நேபாள எல்லைவரை எட்டு இரவுகள்: திபெத் சாலைப் பயணத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

லாசா 3,650 மீட்டர். கியான்ட்சே ஏறத்தாழ 4,000. ஷிகாட்சே 3,840. ஷேகார் 4,300. ரோங்புக் 5,000. கீரோங் 2,800.

திபெத்தில் சாலை வழியாகப் பயணம் போக நினைப்பவர்கள் முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியவை இந்த ஆறு எண்கள்தாம். எத்தனை கிலோமீட்டர், எந்த மடம், எந்த ஏரி என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தலை சாய்க்கிறோம் என்பதை வைத்தே இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டும். லாசாவில் காற்றழுத்தம் கடலோர ஊரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எவரெஸ்ட் அடிவாரத்திலுள்ள ரோங்புக்கில் பாதியைவிடச் சற்றே அதிகம். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. பகலில் 5,200 மீட்டர் கணவாயைத் தாண்டிவிட்டு மாலையில் கீழே இறங்கிவிட்டால் உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. அதே உயரத்தில் தூங்குவதுதான் ஆபத்து. தூக்கத்தில் மூச்சின் வேகம் குறையும்போது ஆக்சிஜன் அளவு இன்னும் கீழே போகிறது.

மலையேற்ற மருத்துவர்கள் சொல்லும் பொது விதி எளியது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரே இரவில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். நான் இங்கே சொல்லும் வழி இந்த விதியை ஓரிடத்தில் மீறுகிறது. அது எந்த இடம், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது

லாசாவில் தொடங்கி நேபாளத்தில் முடியுங்கள். காத்மாண்டுவில் தொடங்கி லாசாவில் முடிக்கும் ஏற்பாடு மலிவாகக் கிடைத்தாலும் முதல் பயணத்துக்கு அது வேண்டாம். காத்மாண்டு 1,400 மீட்டர். அங்கிருந்து கிளம்பினால் முதல் இரவு எல்லையை ஒட்டிய கீரோங்கில் 2,800, அடுத்த இரவே 4,000 மீட்டருக்கு மேல். உடல் பழகுவதற்கு நேரமே இருக்காது.

லாசாவுக்கே நேராக விமானத்தில் போய் இறங்குவதும் ஒரு பெரிய தாவல்தான். முடிந்தால் சீனிங் நகரில் இரண்டு இரவு தங்குங்கள். அது 2,275 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லாசாவுக்கு ரயிலில் இருபத்தோரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். 2006 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட இந்தப் பாதை, தாங்குலா கணவாயில் 5,072 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. ரயிலில் போனாலே உடல் பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே நாள் பயணத்தில் அவ்வளவு பழக்கம் வந்துவிடாது. உதவுவது சீனிங்கில் கழித்த அந்த இரண்டு இரவுகள்தாம்.

அனுமதிகள்

வெளிநாட்டவர் திபெத்தில் தனியாகச் சுற்ற முடியாது. ஊர்விட்டு ஊர் போகும் பொதுப் பேருந்தில் ஏறவும் முடியாது. பதிவுபெற்ற பயண முகவர், உரிமம் உள்ள வழிகாட்டி, ஓட்டுநருடன் வண்டி, முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பயணத் திட்டம் ஆகிய நான்கும் கட்டாயம். சீன விசாவுக்கு மேல், திபெத் பயண அனுமதி என்று தனிச் சீட்டு ஒன்று உண்டு. அதை முகவர்தான் வாங்கித்தர வேண்டும். குறைந்தது மூன்று வாரம் முன்பே பாஸ்போர்ட் விவரங்களை அனுப்பிவிடுங்கள். லாசாவைத் தாண்டி எவரெஸ்ட் பகுதிக்கும் எல்லைக்கும் போக வேறு அனுமதிகளும் தேவை. அவற்றை உங்கள் வழிகாட்டி லாசாவிலோ ஷிகாட்சேயிலோ வாங்குவார். அதற்கு உங்கள் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார், கொடுத்தாக வேண்டும்.

முகவருக்கு எழுதும் முதல் வரியிலேயே உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. பத்திரிகையாளர்களுக்கும் தூதரக அலுவலர்களுக்கும் சுற்றுலா வழியில் அனுமதி கிடைப்பது அரிது. பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் முடியும்வரை வெளிநாட்டவருக்குத் திபெத் வழக்கமாக மூடியிருக்கும். அந்த மாதத்தைக் கணக்கில் வைக்காதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ள நம்மில் பலருக்குத் திபெத் என்றாலே கைலாயம்தான். திருநாவுக்கரசர் கைலாயம் நோக்கி நடந்து, வழியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கைலாய யாத்திரை வேறு பாதை, வேறு அனுமதி. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல் லிபுலேக், நாது லா வழிகளில் அதை இந்திய அரசு மீண்டும் தொடங்கியது. 18 முதல் 70 வயதுவரை என்ற வரம்பும், உடல் நிறை குறியீடு 25க்கு மிகக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. இந்தக் கட்டுரையில் உயரம் பற்றிச் சொல்வது முழுவதும் அந்த யாத்திரைக்கும் பொருந்தும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பைப் பாருங்கள். 3,000 அல்லது 4,000 மீட்டரோடு நின்றுவிடும் காப்பீடு இந்தப் பாதையில் பயன்படாது. நேபாளப் பக்கம்போல இங்கே ஹெலிகாப்டரை அழைத்துக்கொள்ளவும் முடியாது. உடம்புக்கு ஏதாவது ஆனால் சாலை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

எப்போது போவது

ஏப்ரல் பின்பகுதியிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுவரை. ஜூலை, ஆகஸ்டில் எவரெஸ்ட் மேகத்துக்குள் இருக்கும். நேபாளப் பக்கம் மண்சரிவு தொடங்கிவிடும். குளிர்காலத்தில் லாசாவில் வெயில் இதமாக இருக்கும். ஆனால் ரோங்புக்கில் பயணிகள் தங்கும் கூடாரங்களைக் கழற்றிவிடுவார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

எல்லாரும் குளிருக்குத் தயாராக வருகிறார்கள். வெயிலுக்குத் தயாராக வருபவர்கள் குறைவு. நான்காயிரம் மீட்டரில் வெயில் தோலைப் பொசுக்கும். தொப்பி, நல்ல குளிர்கண்ணாடி, வெயில் களிம்பு, உதட்டுக் களிம்பு ஆகியவை கம்பளிச் சட்டை அளவுக்கே முக்கியம். களிம்புக் குழாயைக் கணவாயில் முதன்முறை திறக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, திறந்த மாத்திரத்தில் பாதிக் களிம்பு பீறிட்டு வெளியே வந்துவிடும். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுகள் தலையணைபோல உப்பியிருப்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

இவற்றோடு வெந்நீர்க் குடுவை, தலையில் மாட்டும் விளக்கு, கழிப்பறைத் தாள் சுருள் (வழியில் கழிப்பறைகள் பெரும்பாலும் வெறும் குழிகள்தாம், தண்ணீர் இருக்காது), விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். தடுப்புக்காக அதை வழக்கமாக 125 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருவேளை, ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து கொடுப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல இருக்கும். இரண்டும் மருந்தின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

தலாய் லாமாவின் படம் எந்த வடிவிலும் வேண்டாம், புத்தகத்தின் உள்ளே இருந்தாலும் வேண்டாம். சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். அகப்பட்டால் உங்களைவிட உங்கள் வழிகாட்டிக்கே தொல்லை அதிகம். இதே காரணத்தால் வழிகாட்டியிடமும் ஓட்டுநரிடமும் அரசியல் கேட்காதீர்கள். நாம் ஊர் திரும்பிவிடுவோம், அவர்கள் அங்கேயே வாழ வேண்டும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

லாசாவில் மூன்று இரவு

முதல் நாள் எதுவும் செய்யாதீர்கள். குளிப்பதைக்கூடத் தள்ளிப்போடுங்கள். அறையின் படிக்கட்டில் மூச்சு வாங்கும், இரவில் தூக்கம் கலைந்து கலைந்து வரும், லேசாகத் தலை வலிக்கும். இவை எல்லாருக்கும் வருவன. தண்ணீர், சூப், கஞ்சி என்று நிறையக் குடியுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

இரண்டாம் நாள் ஜோகாங் கோயில். அதைச் சுற்றியுள்ள பார்கோர் வீதியில் விடியற்காலையிலேயே மக்கள் வலம் வரத் தொடங்கிவிடுவார்கள். திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்கு அந்த நடை உடனே பிடிபடும். வலப்புறமாகவே சுற்ற வேண்டும், அவசரப்படக் கூடாது. வாசல் முன் கல்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குபவர்களைப் பாருங்கள். கைகளுக்கு மரக்கட்டைகள், முழங்காலுக்குத் தோல் திண்டு. நூற்றாண்டுகளாக உள்ளங்கைகள் வழுக்கிச் சென்ற கல் கண்ணாடிபோல் மின்னும். அவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

பொட்டாலா அரண்மனையை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். நுழைவுக்கு நேரம் குறித்து முன்பதிவு உண்டு, உள்ளே ஒரு மணி நேரம்தான் தருவார்கள். படிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் படிகளில் பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடிந்தால் உடல் பழகத் தொடங்கிவிட்டது. படியில் உட்கார்ந்தும் மூச்சு ஆறவில்லை என்றால் நான்காம் நாள் கிளம்பாதீர்கள். இன்னும் ஓர் இரவு லாசாவிலேயே இருங்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் யுவான் நோட்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். லாசாவுக்கும் ஷிகாட்சேக்கும் அப்பால் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பும் கூகுளும் சீன இணையத்தில் திறக்காது, அதை வீட்டில் முன்பே சொல்லிவிட்டு வாருங்கள். சிறு ஆக்சிஜன் டப்பாக்கள் கடைகளில் கிடைக்கும். ஒரு டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும். வண்டியில் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறதா, அதன் அழுத்தமானி வேலை செய்கிறதா என்பதை நீங்களே கண்ணால் பாருங்கள்.

நான்காம், ஐந்தாம் நாள்: ஏரியும் இரண்டு ஊர்களும்

லாசாவை விட்டதும் சாலை கம்பா லா கணவாய்க்கு ஏறுகிறது. உயரம் 4,700 மீட்டருக்கு மேல். 'லா' என்றால் திபெத்திய மொழியில் கணவாய். உச்சியில் திரும்பியதும் யாம்ட்ரோக் ஏரி காலடியில் விரியும், 4,441 மீட்டரில். அந்த நீலத்துக்கு ஒப்புச் சொல்ல எனக்கு மயில் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது. மேகம் நகரும்போது நிறமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அலங்கரித்த யாக் மாட்டையும் பெரிய திபெத்திய நாயையும் வைத்துக்கொண்டு படம் எடுக்க அழைப்பார்கள். எவ்வளவு என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கணவாய்களில் ஐந்து நிறக் கொடிகள் காற்றில் படபடக்கும்: நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். வண்டி உச்சியைக் கடக்கும்போது ஓட்டுநர் 'லா க்யாலோ' என்று உரக்கச் சொன்னால் நீங்களும் சொல்லுங்கள். தேவர்களுக்கு வெற்றி என்று பொருள்; இந்த 'லா' கணவாய் அல்ல, தேவரைக் குறிக்கும் வேறு சொல். கீழே விழுந்து கிடந்தாலும் கொடிகளை மிதிக்காதீர்கள். உச்சியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், படத்துக்காக ஓட வேண்டாம்.

அடுத்து 5,000 மீட்டர் தாண்டும் கரோ லா. நோஜின் காங்சாங் மலையின் பனியாறு சாலையோரம்வரை தொங்கிக்கொண்டிருக்கும். மாலையில் கியான்ட்சே. நேராக ஷிகாட்சேக்கு ஓட்டிவிடலாம் என்று சில முகவர்கள் சொல்வார்கள். ஏற்காதீர்கள். இங்கே ஓர் இரவு, ஷிகாட்சேயில் ஓர் இரவு என்று நான்காயிரம் மீட்டரை ஒட்டி இரண்டு இரவு கழித்தால்தான் ஷேகார் தாங்கும். அதோடு கியான்ட்சேயின் 'கும்பும்' இந்த வழியிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டடம். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அடுக்குத் தூபி அது. பெயருக்கு 'நூறாயிரம் திருவுருவங்கள்' என்று பொருள். எழுபதுக்கும் மேற்பட்ட சிறு சந்நிதிகள், ஒவ்வொன்றிலும் சுவர் முழுக்க ஓவியம். கைவிளக்கோடு போங்கள். எதிரே குன்றின் மேல் நிற்கும் கோட்டையை 1904இல் பிரிட்டிஷ் படை பீரங்கியால் உடைத்துப் பிடித்தது.

ஷிகாட்சே 90 கிலோமீட்டர்தான். பிற்பகல் முழுவதும் தாஷில்ஹுன்போ மடத்துக்கு. 1447இல் நிறுவப்பட்டது, தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் மதிக்கப்படும் பஞ்சென் லாமாக்களின் இருக்கை. அங்குள்ள மைத்ரேயர் (வருங்காலப் புத்தர்) சிலையின் உயரம் 26 மீட்டர். ஓரளவு பெரிய மருத்துவமனையும் மருந்துக் கடைகளும் உள்ள கடைசி ஊர் இது. வாங்க வேண்டியதை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

சாப்பாட்டில் சைவர்கள் பட்டினி கிடக்க நேராது. சாம்பா என்னும் வறுத்த பார்லி மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருட்டித் தருவார்கள். சத்துமாவு உருண்டை சாப்பிட்டவர்களுக்கு அது அந்நியமாக இராது. சீச்சுவான் கடைகளில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தோஃபு கிடைக்கும். இறைச்சியும் இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று வழிகாட்டியிடம் சீன எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'துஜேசே' என்றால் நன்றி. அதைச் சொல்லும்போது மலரும் முகங்களுக்காகவே அடிக்கடி சொல்லலாம்.

ஆறாம் நாள்: ஷேகார்

ஷிகாட்சேயிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வழியில் கியாட்சோ லா, 5,200 மீட்டருக்கு மேல். சோதனைச் சாவடிகள் வரும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், கேமரா பைக்குள் இருக்க வேண்டும். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரமே என்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் பிற்பகல் இரண்டு தாண்டியிருக்கும். விடியலும் அதற்கேற்பத் தாமதம்.

ஷேகாரில் இரவு உணவின்போது எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். தலைவலி மாத்திரைக்கு அடங்குகிறதா? பசிக்கிறதா? நடை நேராக இருக்கிறதா? பதில் சரியில்லை என்றால் மறுநாள் மேலே போகக் கூடாது. அதற்காகவே திட்டத்தில் ஒரு நாளை உதிரியாக வைத்திருங்கள்.

ஏழாம் நாள்: ரோங்புக்

விதியை மீறும் இடம் இதுதான். 4,300இலிருந்து 5,000க்கு, ஒரே நாளில் 700 மீட்டர்.

காலையில் பாங் லா கணவாய். கொண்டை ஊசி வளைவுகள் எண்ணி மாளாது. உச்சியில் வானம் தெளிந்திருந்தால் மக்காலு, லோட்சே, எவரெஸ்ட், சோ ஓயு என்று எட்டாயிரம் மீட்டர் மலைகள் வரிசையாகத் தெரியும். எவரெஸ்ட்டை இங்கே சோமோலுங்மா என்பார்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். கணவாய்க்கு அந்தப் பக்கம் தாஷி சோம் என்ற கிராமம், ஏறத்தாழ 4,200 மீட்டர். இந்தப் பெயரை மறக்காதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐந்து பேர் போனபோது எங்களில் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுபவர்தான் நோயுற்றார். ஷேகாரிலேயே தலைவலி இருந்ததை அவர் மறைத்துவிட்டார். ரோங்புக் கூடாரத்தில் இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தார். வழிகாட்டி அவரை எழுப்பி, தரையில் ஒரு குதிகாலுக்கு முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவர் கூடாரத்தின் நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டி ஒரு சொல்லும் பேசாமல் போய் ஓட்டுநரை எழுப்பினார். ஒன்றரை மணி நேரத்தில் தாஷி சோமில் இருந்தோம். ஆக்சிஜன் முகமூடியோடு தூங்கியவர் விடிந்ததும் நூடுல்ஸ் சூப் கேட்டார். அதன்பிறகும் ஒரு நாள் முழுக்க அங்கேயே இருந்துவிட்டுத்தான் கணவாய் தாண்டினோம்.

தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல், நுரையோடு இருமல் ஆகிய நான்கில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்தபடியே இறங்குங்கள். ரோங்புக்கிலிருந்து வெளியேற எந்தப் பக்கம் போனாலும் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு கணவாய் உண்டு. ஆகவே முதலில் தாஷி சோமுக்கு இறங்கி, அங்கே நிலையைச் சீர்செய்த பிறகே கணவாய் ஏற வேண்டும். இப்போது கடைசிப் பகுதியில் உங்கள் வண்டியை விட்டுவிட்டு அங்கே ஓடும் பஸ்ஸுக்கு மாறச் சொல்லலாம். அப்படியானால் நள்ளிரவில் இறங்க எந்த வண்டி கிடைக்கும், யாரை எழுப்ப வேண்டும் என்பதை வெளிச்சம் இருக்கும்போதே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் நன்றாக இருந்தால் அந்த மாலையை முழுமையாக அனுபவியுங்கள். 1902இல் கட்டப்பட்ட ரோங்புக் மடத்தின் வெண்தூபிக்குப் பின்னால் எவரெஸ்ட்டின் வடமுகம் நிமிர்ந்து நிற்கும். பள்ளத்தாக்கு முழுக்க இருண்ட பிறகும் சிகரத்தில் மட்டும் செவ்வொளி தங்கியிருக்கும். மலையேற்ற அனுமதி இல்லாதவர்கள் மடத்தின் சுற்றுப்புறத்தைத் தாண்ட முடியாது; இங்கிருந்தே பார்வை குறைவில்லாதது. கூடாரத்தின் நடுவே யாக் சாண வறட்டி எரியும் அடுப்பு இருக்கும். தண்ணீர் இங்கே 85 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும். புகைபோக்கி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, காற்று வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். இரவு தங்குவதில் சிறு ஐயம் இருந்தாலும் மாலையைப் பார்த்துவிட்டுத் தாஷி சோமுக்கு இறங்கித் தூங்குங்கள்.

எட்டாம் நாளும் எல்லையும்

முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், நீண்ட நாள். பெய்கு ஏரியின் கரையிலிருந்து ஷிஷாபங்மா தெரியும். எட்டாயிரம் மீட்டர் மலைகளில் முழுக்கத் திபெத்துக்குள்ளேயே இருப்பது அது ஒன்றுதான். பிறகு கடைசிக் கணவாய், அதற்கப்பால் இறக்கம் மட்டுமே. ஒரு வாரமாகக் கல்லும் மண்ணும் பார்த்த கண்ணுக்கு முதலில் ஒரு புதர் படும், அடுத்த வளைவில் ஊசியிலை மரம், பிறகு காடு. ஜன்னலை இறக்கினால் ஈரமண் வாசனை. கீரோங்கில் 2,800 மீட்டரில் அன்றிரவு தூங்கும் தூக்கம் லாசாவுக்கு வந்ததிலிருந்து கிடைக்காத தூக்கம்.

முன்பு பயணிகள் சாங்மு வழியாக நேபாளத்துக்குள் நுழைந்தார்கள். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் அந்த வழி சிதைந்த பிறகு, 2017 முதல் வெளிநாட்டவர் கடப்பது கீரோங் வழியாக. எல்லையின் ரசுவாகடி பாலத்தை 2025 ஜூலை 8 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆகவே முன்பணம் கட்டும் முன்பும், லாசாவைவிட்டுக் கிளம்பும் முன்பும் எல்லை திறந்திருக்கிறதா என்று இரண்டு முறை கேளுங்கள். மூடியிருந்தால் ரோங்புக்கிலிருந்து ஷிகாட்சே வழியாக லாசாவுக்கே திரும்பி விமானம் ஏறும் மாற்றுத் திட்டம் முகவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும்.

எல்லையைக் கடந்ததும் கடிகாரத்தை இரண்டே கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவையுங்கள். காத்மாண்டு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்றாலும் அந்த மலைச்சாலை ஒரு பகலை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஜீப்பைப் பேசி முடித்து, சாயங்காலத்துக்குள் போய்ச் சேரும்படி காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.